ஆஞ்ஜெலோ அஸ்ஸுர்ரோ: மூன்று பாட்டிலில் தொடங்கி இரண்டில் முடிந்தது

கடைசியில் நிலைத்த அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். ஜின் 50 மி.லி., நீலம் ஏற்றிய குவான்த்ரோ (ஆரஞ்சுத் தோல் வாசனை கொண்ட நிறமற்ற பிரெஞ்சு மது) 25 மி.லி., ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ், முப்பது விநாடி கலக்கல், மேலே பிழிய எலுமிச்சைத் தோலில் ஒரு சீவல். ப்ளூ குராசோ (நீலச் சாயம் போட்ட ஆரஞ்சு மது) என்று தனியாக ஒரு பாட்டில் வாங்க வேண்டியதில்லை. வாங்கிவிட்டவர்களுக்கு அதை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

ஆஞ்ஜெலோ அஸ்ஸுர்ரோ இத்தாலியில் 80களிலும் 90களிலும் டிஸ்கோ கூட்டத்தோடு வளர்ந்த காக்டெய்ல். ஜின், ட்ரிப்பிள் செக் (நிறமற்ற ஆரஞ்சு மது, குவான்த்ரோ அதில் ஒரு வகை), ப்ளூ குராசோ என்று மூன்றே சாமான்தான். பெரும்பாலான செய்முறைகளில் ஜூஸும் கிடையாது, சோடாவும் கிடையாது. ஒயிட் லேடி என்ற காக்டெய்ல் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: அதிலுள்ள எலுமிச்சைச் சாற்றை எடுத்துவிட்டு நீலத்தைப் போட்டால் இதுதான். சாறு போனதால் புளிப்பு இல்லை. இனிப்பை எதிர்த்து நிற்க ஜினைத் தவிர ஆளில்லை. இந்தப் பானத்தோடு எனக்கு வந்த தகராறெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

நான் இருக்கும் டூரினில் இப்போது சாயங்காலமானால் எல்லோர் கையிலும் ஆரஞ்சு நிற ஸ்பிரிட்ஸோ சிவப்பு நெக்ரோனியோதான் இருக்கிறது. நீலம் கேட்டால் பார்மேன் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் பாட்டிலைத் தேடுவார். நான் குடித்த இடத்தில் 9 யூரோ. குளிர்ச்சி பிரமாதம், நிறமும் பிரமாதம், பாதி கிளாஸுக்கு மேல் இனிப்பு திகட்டிவிட்டது. இதே நிறத்தில் திகட்டாமல் ஒன்று செய்ய முடியாதா என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் செலவுக் கணக்கு. 40 சதவீத ஜின், 700 மி.லி., 14 யூரோ. லண்டன் ட்ரை வகை, ஜூனிபர் (ஜினுக்கு அடிப்படை வாசனை தரும் காய்) வாசனை தூக்கலாக இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். பூ, பழம், வெள்ளரி வாசனை போட்ட ஜின்களை இதற்கு வாங்க வேண்டாம், எல்லாம் ஆரஞ்சுக்கு அடியில் காணாமல் போய்விடும். குவான்த்ரோ 700 மி.லி., 19 யூரோ. அதுவும் 40 சதவீதம்தான். இதைவிடப் பாதி விலையில் ட்ரிப்பிள் செக் கிடைக்கிறது, ஆனால் ஆல்கஹால் குறைவு, சர்க்கரை அதிகம். சூப்பர்மார்க்கெட்டில் கிடைத்த ப்ளூ குராசோ 10.50 யூரோ, 21 சதவீதம். பாஸ்டன் ஷேக்கர் (பானத்தைக் குலுக்கும் இரட்டைக் குவளை) 18 யூரோ. அது இப்போது சும்மா கிடக்கிறது. கிளாஸ் மட்டும் சனிக்கிழமை பலோன் பழைய சாமான் சந்தையில் இரண்டு யூரோவுக்கு ஒன்று என்று வாங்கினேன். அகன்ற வாய், குட்டையான தண்டு, விளிம்பு வரை 150 மி.லி. பிடிக்கும். வீட்டுக்குப் பெரிய மார்டினி கிளாஸ் வாங்காதீர்கள். 250 மி.லி. கிளாஸின் அடியில் 100 மி.லி. பானம் கிடந்தால் யாரோ குடித்துவிட்டு மிச்சம் வைத்ததுபோல் இருக்கிறது. அதற்காகவே அதிகம் ஊற்றத் தோன்றும். இந்தச் சரக்கில் அது ஆபத்து.

கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் வரை காட்டுவது, 12 யூரோ. மொத்தச் செலவில் உருப்படியானது இதுதான். முதல் வேலையாக அளவுக் குவளையைச் சோதித்தேன். இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்த எவர்சில்வர் குவளை, ஒரு பக்கம் 20, மறுபக்கம் 40 என்று பொறித்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தால், கண்ணுக்கு நிரம்பியதுபோல் தெரியும்போது 35 கிராம்தான். விளிம்பில் தண்ணீர் குவிந்து, இப்போது வழியும் அப்போது வழியும் என்று நிற்கும்போதுதான் 40. அதாவது அவசரத்தில் ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அதற்குப் பிறகு குவளையை ஓரம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் தராசில்தான் நிறுக்கிறேன். ஜின் 60 மி.லி. என்றால் 57 கிராம். குவான்த்ரோ 30 மி.லி. என்றால் 31 கிராம் சொச்சம்.

இந்த எடை பார்க்கும் வேலைதான் முதல் துப்பும் கொடுத்தது. ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் 50 மி.லி. எடுத்து நிறுத்தேன். ஜின் 47.5, குவான்த்ரோ 52, நீலம் 54.5 கிராம். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, சர்க்கரை கரைந்தால் கனம் ஏறும். நீலத்தில் ஆல்கஹால் குவான்த்ரோவில் பாதிதான். அந்த அளவு குறைந்ததாலேயே கனம் கொஞ்சம் கூடும் என்றாலும், இவ்வளவு ஏற அது போதாது. மிச்சம் சர்க்கரைதான். ஐரோப்பியச் சட்டப்படி லிக்யோர், அதாவது இனிப்பு மது, என்று பெயர் போட லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். இந்த பாட்டில் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது என்பதைத் தராசே சொல்லிவிட்டது.

முதலில் ஊர் வழக்கப்படியே செய்தேன். ஜின் 60, குவான்த்ரோ 30, நீலம் 15. ஷேக்கரில் ஐஸ் போட்டு, கை மரத்துப்போகும் வரை குலுக்கி, வடிகட்டி ஊற்றினேன். நிறம் கண்ணைப் பறித்தது. குடித்தால் பாரில் இருந்த அதே திகட்டல். கூடவே ஒரு மொட்டைத் தனம்: நாக்கின் நுனியில் இனிப்பு, தொண்டையில் சூடு, நடுவில் ஒன்றுமில்லை. ஆரஞ்சு வாசனை குவான்த்ரோவிலிருந்து வருகிறது. அந்த நீலத்தைத் தனியாக ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்தால், ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்த தண்ணீர்தான்.

உண்மையான குராசோ அப்படிப்பட்டதல்ல. கரீபியன் கடலில் வெனிசுலாவுக்கு வடக்கே உள்ள குராசாவ் தீவில் லராஹா என்று ஒரு ஆரஞ்சு உண்டு. ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோய் நட்ட ஆரஞ்சு, அந்த வறண்ட மண்ணில் வளர்ந்து வாயில் வைக்க முடியாத பழமாகிவிட்டது. ஆனால் காய்ந்த தோலில் வாசனை அபாரம். அந்தத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்ததுதான் மூலம். நீலம் என்பது அதன் மேல் போட்ட சாயம் மட்டுமே, பெரும்பாலும் ஈ133 எனப்படும் ப்ரில்லியன்ட் ப்ளூ. சாயத்துக்கு ருசி கிடையாது. மலிவு பாட்டில்களில் தோலும் பெயரளவுக்குத்தான். ஆக என் கிளாஸில் அந்த 15 மி.லி. செய்வது இரண்டே வேலை: நிறம் கொடுப்பது, சர்க்கரை ஏற்றுவது.

சரி, நீலத்தைக் குறைக்கலாம் என்று 15ஐ 10 ஆக்கினேன், பிறகு 5. ஐந்தில் ருசி நிமிர்ந்தது. நிறம் செத்துவிட்டது. வெளிறிப்போய், கழுவின கிளாஸில் மிச்சம் இருந்ததுபோல் ஆனது. கூட இருக்கும் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, வேட்டிக்குப் போடுற சொட்டு நீலத்த அலசிக் கொண்டுவந்துட்டியா?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். பெயரிலேயே நீலம் இருக்கும் பானம் நீலமாக இல்லாவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? நிறமும் சர்க்கரையும் ஒரே பாட்டிலில் கட்டிப் போட்டிருப்பதுதான் சிக்கல் என்பது அப்போது தெளிந்தது. இரண்டையும் பிரிக்க வேண்டும்.

சொந்தமாகக் குராசோ செய்யலாம் என்று இறங்கினேன். இத்தாலியில் இதற்கு வசதி ஜாஸ்தி. லிமொன்செல்லோ என்ற எலுமிச்சைத் தோல் மது செய்வதற்கென்றே 95 சதவீதச் சுத்த ஆல்கஹால் சூப்பர்மார்க்கெட்டில் மளிகைச் சாமானோடு நிற்கிறது, லிட்டர் 17 யூரோ. ஊறவைப்பதற்குத் தடையில்லை. காய்ச்சி வடிப்பது மட்டும் வீட்டில் சட்டவிரோதம். இந்த வித்தியாசம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஆரஞ்சு வாங்கும்போது இங்கே ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வலைப்பையின் சீட்டில் பொடி எழுத்தில் 'தோல் உண்ணத் தகாதது' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தால் அதைத் தொடாதீர்கள், மேலே மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் தடவியிருப்பார்கள். போர்ட்டா பலாட்ஸோ சந்தையில் பின்பக்கம் விவசாயிகள் உட்காரும் வரிசையில் மேலே எதுவும் தடவாத சிசிலி ஆரஞ்சு கிடைத்தது. கசப்புக்கு, மூலிகைக் கடையில் காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் 50 கிராம் 4 யூரோ. லராஹா இங்கே கிடைக்காது, அதற்கு இது பதில்.

உருளைக்கிழங்கு சீவும் கருவியால் தோலின் மேல்பகுதியை மட்டும் சீவ வேண்டும். கருவியை அழுத்தாமல், பழத்தைச் சுழற்ற வேண்டும், கையைச் சுழற்றக் கூடாது. சீவலைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிய வேண்டும். வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டோம், கத்தியைப் படுக்கவைத்து அந்த வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வெள்ளைதான் நாக்கில் ஒட்டும் கசப்பு, நமக்கு வேண்டிய கசப்பு அதுவல்ல. மூன்று பழத் தோலும் 10 கிராம் காய்ந்த தோலும் 250 மி.லி. ஆல்கஹாலில் போட்டு, மூடி இறுக்கி, அலமாரிக்குள் இருட்டில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தேன். 95 சதவீத ஆல்கஹாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். ஊற்றும்போதும் வடிக்கும்போதும் அடுப்பு எரியக் கூடாது. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வடித்தபோது வாசனை அற்புதம். கடையில் வாங்கிய நீலம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 350 மி.லி. தண்ணீரில் 250 கிராம் சர்க்கரை கரைத்து ஆறவைத்துச் சேர்த்தேன். கணக்குப்படி 32 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். அங்கேதான் இரண்டு அடி விழுந்தது. ஒன்று, பாகு சேர்ந்ததும் முழுக்க மங்கலாகிவிட்டது. தோலின் எண்ணெய் அதிக ஆல்கஹாலில் கரைந்து நிற்கும், ஆல்கஹால் நீர்த்தவுடன் பொடிப்பொடித் துளிகளாகப் பிரியும். லிமொன்செல்லோவின் அந்தப் பால் மாதிரி மங்கல் இதனால் வருவதுதான். இரண்டு, அதன் நிறம் ஆழ்ந்த மஞ்சள். ஆல்கஹால் வாசனையை மட்டுமா இழுக்கும், தோலின் நிறத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். அதில் நீலத்தை விட்டால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். குளத்துப் பாசிப் பச்சை. இன்னும் நீலம் விட்டேன், இன்னும் இருண்ட பச்சை. தொழிற்சாலையில் வடித்தெடுப்பதால் ஆவியில் வாசனை மட்டும் மேலே வரும், மஞ்சள் பின்தங்கிவிடும். நான் வடிக்க முடியாது. அந்த வழி அதோடு மூடியது.

(நீலம் விடாத பாதியை அப்படியே ஆரஞ்செல்லோ என்று பெயர் சூட்டி மாடி வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். பாட்டிலைத் திருப்பித் தரும்போது மறுபடி நிரப்பித் தரச் சொன்னார். அந்தச் செய்முறை வேண்டுவோர் மேலே உள்ள அளவையே எடுத்துக்கொள்ளலாம், குறை இல்லை.)

மீண்டும் முதல் கேள்விக்கு வந்தேன். வடித்தெடுத்த, நிறமில்லாத, கசப்பும் இனிப்புமான ஆரஞ்சுச் சாராயம் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, குவான்த்ரோ! பிரான்சில் ஆஞ்ஜே நகருக்குப் பக்கத்தில் வடிப்பது, தண்ணீர் மாதிரி தெளிவு. அதற்கே நீலம் ஏற்றினால் மூன்றாவது பாட்டில் எதற்கு? இதை முதலிலேயே யோசித்திருந்தால் ஆரஞ்செல்லோ கிடைத்திருக்காது, அதுவும் சரிதான்.

எந்த நீலம் என்பதில்தான் அடுத்த அலைச்சல். சூப்பர்மார்க்கெட்டில் கேக் சாமான் அலமாரியில் 'இயற்கை நீலம்' என்று ஒரு சின்னக் குப்பி, 3 யூரோ. சேர்மானத்தைப் படித்தால் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி. குவான்த்ரோவில் விட்டதும் அழகான வானநீலம். சந்தோஷமாக மூடி வைத்தேன். மறுநாள் பாட்டிலுக்கு அடியில் நீலச் சேறு, மேலே தெளிந்த குவான்த்ரோ. ஸ்பைருலினாவின் நீலம் ஒரு புரதம். கடும் ஆல்கஹாலில் புரதம் திரிந்து திரண்டு கீழே படியும். ஐஸ்கிரீமுக்கும் கேக் கிரீமுக்கும் அது நல்ல சாயம், இதற்கு உதவாது. காபி வடிகட்டும் தாளில் வடித்ததில் குவான்த்ரோ முழுசாகத் திரும்பி வந்தது, ருசியிலும் பழுதில்லை.

அடுத்து சங்குப்பூ. நம் ஊரில் வேலியோரம் சும்மா பூத்துக் கிடப்பதை இங்கே ஆசியக் கடையில் 25 கிராம் 5 யூரோ கொடுத்துத் தேநீர் என்று வாங்க வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "பூவுக்கா காசு குடுத்த?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்துப் பூவை 100 மி.லி. குவான்த்ரோவில் போட்டால் அரை மணியில் கரு நீலம் இறங்கிவிடுகிறது. வண்டல் கிடையாது. ஆனால் இது ஊதா சாய்ந்த நீலம், ஜினோடு கலந்து மெலிந்ததும் அந்த ஊதா முன்னால் வந்து நிற்கிறது. அமிலம் பட்டால் இன்னும் மோசம்: எலுமிச்சைத் தோலைப் பிழியும்போது ஒரு துளி சாறு தப்பி விழுந்தாலும் அந்த இடம் செவ்வூதாவாக ஓடுகிறது. வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்ட நிறம் அதுவல்ல. கொஞ்சம் பச்சைக் காய்கறி வாசனையும் இறங்குகிறது, குவான்த்ரோவோடு அது சேரவில்லை. ஊறும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தால் வாசனை குறையும், ஊதா குறையாது. சாயப்பொடியே வேண்டாம் என்பவர்களுக்கு இது ஒரு வழி, ஊதாவுக்குச் சம்மதம் என்றால்.

கடைசியில் ஈ133 தான். தண்ணீரில் கரைத்த திரவமாக, பேக்கரி சாமான் விற்கும் கடையில் 10 மி.லி. 3.50 யூரோ. சேர்மானத்தில் ஈ133 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் கொஞ்சம் சிவப்பும் கலந்திருப்பார்கள், எண்ணெயில் கரையும் சாக்லேட் சாயமும் அதே அலமாரியில் இருக்கும். 200 மி.லி. குவான்த்ரோவை ஒரு காலி பாட்டிலில் ஊற்றி மூன்று சொட்டில் ஆரம்பித்தேன். பாட்டிலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாட்டில் தடிமனில் மூன்று சொட்டே மை மாதிரி தெரியும், கிளாஸில் ஜினும் தண்ணீரும் சேர்ந்து மூன்றரை மடங்குக்கு மேல் மெலியும்போது ஒன்றுமில்லாமல் போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் 5 மி.லி. நீலத்தை 10 மி.லி. ஜின், 4 மி.லி. தண்ணீரோடு ஒரு சின்னக் கிளாஸில் கலந்து, வெள்ளைத் தாள் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சமையலறையின் மஞ்சள் பல்பில் பார்த்தால் எந்த நீலமும் பச்சையாகத்தான் தெரியும். எட்டுச் சொட்டில் நின்றேன். குப்பிக்குக் குப்பி அடர்த்தி மாறும், என் எட்டு உங்களுக்கு ஐந்தாக இருக்கலாம். மாதக்கணக்கில் வைத்தும் வண்டல் இல்லை, மங்கவில்லை.

சாயம் ஏற்றும்போது மரப் பலகை பக்கத்தில் இருக்கக் கூடாது. என் சப்பாத்திப் பலகையில் விழுந்த ஒரு சொட்டு எலுமிச்சைக்கும் சோடா உப்புக்கும் மசியாமல் இன்னும் அங்கேயே இருக்கிறது. எவர்சில்வர் தொட்டியில் வைத்துச் செய்யுங்கள்.

இப்போது ஜின் 60, நீலக் குவான்த்ரோ 30. முதல் வாயிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆரஞ்சுத் தோல் முன்னால், ஜூனிபர் பின்னால், இனிப்பு நடுவில் அடக்கமாக. கூடவே காரம் அதிகம். கணக்குப் போட்டால் கலவை 40 சதவீதம், முன்பு 37 தான் இருந்தது. இனி மிச்சம் இருந்தது தண்ணீர்.

ஐஸ் என்பது குளிருக்கு மட்டுமல்ல, அளந்து ஊற்றும் தண்ணீரும் அதுதான். எடை பார்க்கும் பழக்கம் இங்கேயும் கைகொடுத்தது: கலக்குவதற்கு முன் பானத்தின் எடை, வடித்த பிறகு எடை, வித்தியாசம்தான் ஐஸ் விட்ட தண்ணீர். மூட்டையில் வாங்கிய கடை ஐஸ், வெளியே கொஞ்ச நேரம் இருந்து வியர்த்தது, பன்னிரண்டு விநாடி குலுக்கினால் 35 கிராம் தண்ணீர் ஏறுகிறது. ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த, தொட்டால் விரலில் ஒட்டும் பெரிய கட்டிகளோடு, கண்ணாடி ஜாடியில் முப்பது விநாடி கலக்கினால் 22 கிராம். குலுக்கினால் குளிர் ஜாஸ்தி, சமையல் தெர்மாமீட்டரில் மைனஸ் 6 வரை போனது, கலக்கினால் மைனஸ் 3. ஆனால் குலுக்கும்போது பொடிக் காற்றுக் குமிழ்கள் நிறைந்து ஒரு நிமிடத்துக்கு நீலம் சுண்ணாம்புத் தண்ணீர் கலந்ததுபோல் வெளிறி நிற்கும், மேலே ஐஸ் துணுக்கும் மிதக்கும். இத்தாலிய வழக்கம் குலுக்குவதுதான், எழுதி வைத்த செய்முறைகளும் அப்படித்தான். சாறு இல்லாத பானத்தைக் கலக்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. கிளாஸின் அடி வரை பார்வை போகிறது. குளிர்ப் பற்றாக்குறைக்கு ஜினையும் கிளாஸையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். 40 சதவீத ஜின் வீட்டு ஃப்ரீசரில் உறையாது.

குவான்த்ரோவைத் தனியாக ஐஸ் மேல் ஊற்றினால் உருக உருக வெண்புகை மாதிரி மங்கும், ஆரஞ்செல்லோவில் பார்த்த அதே எண்ணெய்ச் சமாசாரம்தான். ஜினோடு சேர்ந்தால் ஆல்கஹால் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காததால் என் கிளாஸில் மங்கவில்லை. நிறைய தண்ணீர் விட்டவர்களுக்கு மங்கலாம், பயப்பட வேண்டாம்.

அளவை 60:30லிருந்து 50:25க்கு இறக்கினேன். விகிதம் அதேதான், ருசியும் அதேதான், ஆள் தாங்க வேண்டுமே. 75 மி.லி. கலவையில் 30 மி.லி. சுத்த ஆல்கஹால், அதாவது சுமார் 24 கிராம். இத்தாலியில் ஒரு யூனிட் என்பது 12 கிராம், ஆக ஒரு கிளாஸே இரண்டு யூனிட். பழைய 60-30-15 அளவில் அது இரண்டரை. இங்கே வண்டி ஓட்ட லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் வரைதான் அனுமதி. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் இல்லை, பூஜ்யம். நீல நிறமும் ஆரஞ்சு வாசனையும் பார்த்து ஷர்பத் மாதிரி வேகமாகக் குடித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் முதலிலேயே வண்டிச் சாவியைப் பற்றிக் கேட்டுவிடுவது என் வழக்கம்.

எலுமிச்சைத் தோலுக்கு இரண்டு விரல் அகலச் சீவல் போதும். மஞ்சள் பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து மடக்கினால் எண்ணெய் தெறிப்பது வெளிச்சத்தில் தெரியும். பிறகு சீவலை உள்ளே போட வேண்டாம். போட்டால் நீலத்துக்கு அடியில் மஞ்சள் பச்சையாகத் தெரிகிறது. விளிம்பில் தேய்த்துவிட்டு வெளியே வைக்கிறேன்.

நண்பர்கள் வரும் நாளுக்கு மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாம் என்று ஆறு பேருக்கு ஜின் 300, நீலக் குவான்த்ரோ 150, தண்ணீர் 120 என்று கலந்தேன். தண்ணீர் ஐஸ் விடும் அளவே. மறுநாள் பாட்டிலுக்குள் ஊசி ஊசியாக ஐஸ். ஊற்றினால் வழுக்கி வந்தது பனிக்கூழ். சுமார் 32 சதவீதம் என்பது மைனஸ் 18க்கு முன்பே உறைய ஆரம்பிக்கும் அடர்த்தி. தண்ணீரைப் பாதியாக, 60 ஆகக் குறைத்தால் 35 சதவீதம் வருகிறது, உறையாமல் எண்ணெய் மாதிரி கெட்டியாக ஊற்றுகிறது. மிச்சத் தண்ணீருக்கு ஊற்றும்போது ஜாடியில் ஒரு ஐஸ் கட்டியோடு நன்றாகச் சுற்றிவிட்டால் போதும்.

செலவு: 50 மி.லி. ஜின் ஒரு யூரோ, 25 மி.லி. குவான்த்ரோ 68 சென்ட், சாயம் கணக்கில் வராது. எலுமிச்சையோடு 1.80க்குள் அடங்குகிறது. தராசு, சங்குப்பூ, ஸ்பைருலினா, ஷேக்கர், 95 சதவீத ஆல்கஹால் எல்லாம் சேர்த்தால் ஆரம்பத்தில் பாரிலேயே உட்கார்ந்து பல கிளாஸ் குடித்திருக்கலாம் என்று நண்பன் கணக்குக் காட்டுகிறான். அதை நான் சரிபார்க்கவில்லை.

ப்ளூ குராசோ பாட்டில் வாங்கிவிட்டவர்களுக்கு: ஜின் 50, சாதா குவான்த்ரோ 20, நீலம் 8, எலுமிச்சைச் சாறு 10. இது அசல் அல்ல, ஒயிட் லேடி பக்கம் சாய்ந்துவிடும், சாறு சேர்வதால் தெளிவும் போய்விடும், ஆனால் அந்தச் சர்க்கரைக்குப் புளிப்பு ஒரு எதிராளி. இதைக் கலக்க வேண்டாம், குலுக்குங்கள். சும்மா கிடக்கும் ஷேக்கருக்கும் வேலை ஆச்சு.

அடுத்த குளிர்காலத்தில் மாற்றிப் பார்க்க இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். மூலிகைக் கடையின் காய்ந்த கசப்புத் தோல் 5 கிராமை நீலம் ஏற்றிய 200 மி.லி. குவான்த்ரோவில் ஒரே ஒரு இரவு மட்டும் ஊறவைப்பது, மஞ்சள் இறங்கும் முன் வாசனை இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கினால் குராசோவின் கசப்பு திரும்பக் கிடைக்கும். இரண்டாவது, 47 சதவீத ஜின். 50க்குப் பதில் 45 போட்டு, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் வாசனை இன்னும் விரியும் என்று நினைக்கிறேன். பாட்டில் 22 யூரோ, அதனால் இப்போதிருப்பது தீரட்டும் என்று விட்டிருக்கிறேன்.